ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு காட்டுக்கு

இந்த எபிசோடை ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசவில்லை. பாதி ராயபுரம் ரயில் நிலையத்தில், மீதி எண்ணூர் முகத்துவாரத்தில். பின்னாடி விடாமல் அடித்த கன்டெய்னர் லாரி ஹாரனை எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்த வகையில் படிக்கிற நீங்கள் தப்பித்தீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 6 மணி. நம்ம பாட்காஸ்ட் கேட்கிறவர்கள் 22 பேர் வந்திருந்தார்கள். "ஒரு தலைவரோட காட்டைத் தேடி ஒரு நடை" என்றுதான் அறிவித்திருந்தேன். அதை நம்பி ரெண்டு பேர் பைனாகுலர் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தர் காலில் மலையேறுகிற ஷூ. முதல் வருஷம் படிக்கிற ஒரு தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டுட்டான்: "அண்ணா, ராயபுரத்துல ஏதுண்ணா காடு?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இப்படி ஒரு டூர் போனால் இந்தக் குழப்பம் வராது. அங்கே தியோடர் ரூஸ்வெல்ட் என்ற ஜனாதிபதியின் பாதையில் வடக்கு டகோட்டாவுக்குக் கூட்டிப்போவார்கள். 1883-ல் காட்டெருமை வேட்டையாடப் போன இளைஞர், அந்த மிருகமே இல்லாமல் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு ஜனாதிபதியாகி ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் நிலத்தைக் காப்பு நிலமாக்கினார். அவர் சுற்றிய இடம் இன்றைக்கு அவர் பெயரிலேயே தேசியப் பூங்கா. வனாந்தரத்தில் ஒரு தலைவர் உருவானார் என்று கதை அழகாக முடிந்துவிடும்.

நம்ம கதை அப்படி இல்லை. சென்னை மாகாணத்தில் "காட்டைக் காப்பாற்றணும்" என்று ஒரு அரசுத் துறை பிறந்ததற்குக் காரணத்தைத் தேடினால், அது நம்மைக் காட்டுக்குள் கூட்டிப்போகாது. இந்த ராயபுரம் பிளாட்பாரத்துக்குத்தான் கூட்டி வரும்.

கட்டடத்தைப் பாருங்க. பெரிய தூண்கள், உயரமான கூரை. இந்தியத் துணைக்கண்டத்திலேயே இன்னும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான். பம்பாயிலும் ஹவுராவிலும் முதலில் கட்டினவை இப்போது இல்லை. 1856 ஜூன் 28-ம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு இதைத் திறந்து வைத்தார். ஜூலை 1-லிருந்து பொதுமக்களுக்கு ரயில். எங்கே வரைக்கும்? ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரைக்கும். பெயரிலேயே காடு இருக்கிற ஊர்.

அதே 1856, டிசம்பர் மாதம். ரயில் ஓடத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக ஒரு டாக்டரை நியமிக்கிறார்கள். பெயர் ஹியூ கிளெக்ஹார்ன். நான் தேடச் சொன்ன தலைவர் அவர்தான்.

இந்த ரெண்டு தேதியும் ஒரே வருஷத்தில் வருவது தற்செயல் இல்லை என்பதுதான் என் வாதம். அதுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுகிற கட்டை இருக்கிறதே, அதை இன்றைக்குக் கான்கிரீட்டில் செய்கிறார்கள். அன்றைக்கு மரம். கஜத்துக்கு ஒன்று என்று வைத்தால் மைலுக்கு 1,760 கட்டை. ராயபுரத்திலிருந்து ஆற்காடு சுமார் 63 மைல். பெருக்கிப் பாருங்க, ஒரு லட்சத்துக்கு மேல் வரும். அதுவும் ஒரு தடவை போட்டால் முடிகிற வேலையா? நம்ம ஊர் மழை, வெயில், கரையான் மூன்றும் சேர்ந்து சில வருஷத்தில் தின்றுவிடும். திரும்ப மாற்றணும். மாகாணம் முழுக்க வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் கட்டை வேண்டும், அதுக்கு 35,000 மரம் வெட்டணும் என்று கிளெக்ஹார்னே கணக்குக் கொடுத்திருக்கிறார். வட ஆற்காட்டு மலைகள் ரயிலுக்காக மொட்டையாகிவிட்டதையும் எழுதி வைத்திருக்கிறார்.

கட்டையோடு நின்றதா? எஞ்சினுக்கும் விறகுதான். நிலக்கரி ராணிகஞ்சிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கப்பலில் வரணும், விலை எக்கச்சக்கம். அதனால் மெட்ராஸ் ரயில்வேயின் எஞ்சின்கள் பல வருஷம் நம்ம ஊர் விறகைத்தான் தின்றன. காட்டுக்குள் ரயில் போவதற்குக் காட்டையே எரித்தார்கள். இதைச் சொன்னப்போ மலையேறுகிற ஷூ போட்டவர், "அப்போ இது காட்டை எரிச்சு ஓடின ரயில் சார்" என்றார். ஆமாம், அதேதான்.

சரி, யார் இந்த கிளெக்ஹார்ன்? இவர் 1820-ல் மெட்ராஸிலேயே பிறந்தவர். அப்பா இங்கே உச்ச நீதிமன்றத்தில் அதிகாரி. சின்ன வயதிலேயே ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1842-ல் கம்பெனி டாக்டராகத் திரும்பி வந்தார். அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகில் ஏற்றி, அலையில் தூக்கிப்போட்டு, நனைய நனையக் கரை சேர்ப்பார்கள். டாக்டரும் அப்படித்தான் வந்து இறங்கியிருக்கணும்.

மைசூர்ப் பக்கம் ஷிமோகாவில் வேலை. வைத்தியத்தோடு செடிகொடிகளைப் பார்ப்பதும் அந்தக் கால டாக்டர்களுக்குப் பழக்கம், ஏன்னா மருந்து அங்கிருந்துதானே வரணும். மரங்கள் மறைவதை அவர் முதலில் பார்த்தது அங்கேதான். காய்ச்சல் வந்து லீவில் ஊருக்குப் போனவர், அங்கும் சும்மா இருக்கவில்லை. இந்தியக் காடுகள் அழிவது பற்றிப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சங்கம் ஒரு குழு போட்டது. அதன் அறிக்கை 1851-ல் வந்தது. அதில் முக்கியமான கை இவருடையது. காடு போனால் ஊற்று போகும், மழை தப்பும், பஞ்சம் வரும் என்பது வாதம். இன்றைக்கு நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வாக்கியம், 170 வருஷத்துக்கு முந்தைய விஞ்ஞானிகள் சங்கத்து அறிக்கை.

திரும்பி வந்ததும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர், தோட்டக்கலைச் சங்கத்துக்குச் செயலாளர். அந்தச் சங்கத்துத் தோட்டம் எது தெரியுமா? கதீட்ரல் ரோட்டில் நீங்க செல்ஃபி எடுக்கிற செம்மொழிப் பூங்கா, அந்த வட்டாரம்தான். அவருக்குச் செடிகளை வரைந்து கொடுத்தவர்களில் கோவிந்து என்று ஒரு தென்னிந்திய ஓவியர் உண்டு. ஒவ்வொரு நரம்பும் தெரிகிற மாதிரி இலை வரைவார். அவர் படங்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன. அவரைப் பற்றித்தான் நம்மிடம் ஒரு பத்திகூடத் தேறாது.

கும்மிடிப்பூண்டி லோக்கல் வந்தது. ஏறினோம்.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை. ரயிலுக்கு மேற்கே, வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் கூடவே வருகிறது. மூக்கு சொல்லும், கண் தேட வேண்டியதில்லை. இதில் எண்ணூர் வரைக்குமான பகுதிதான் ஆகப் பழையது. 1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி வெட்டினது, அப்போது பெயர் காக்ரேன் கால்வாய். பிறகு பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரா வரைக்கும் நீண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து நகரத்துக்குள்ளும் வெட்டினார்கள். அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. வெட்டினவர்கள் பட்டினியில் இருந்தவர்கள்.

அந்தத் தண்ணீரில் வந்த சரக்கில் முக்கியமானது விறகு. ஸ்ரீஹரிகோட்டா என்றால் உங்களுக்கு ராக்கெட் ஞாபகம் வரும். ராக்கெட்டுக்கு முன்னாடி அது மெட்ராஸின் விறகுக் காடு. யானாதி மக்கள் வாழ்ந்த தீவு அது. அங்கே வெட்டின விறகு படகில் ஏறி, பழவேற்காடு ஏரி வழியாக எண்ணூர் வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கும். அங்கிருந்து ஊர் முழுக்க விறகுத் தொட்டிகளுக்குப் போகும்.

விறகுத் தொட்டி என்றதும் வண்டியில் பாதிப் பேருக்கு முகத்தில் ஒன்றுமே இல்லை. விறகுக் கடைங்க. எங்க ஆயா கேஸ் அடுப்பு வந்த பிறகும் ரொம்ப நாள் ராயபுரத்தில் ஒரு தொட்டியில்தான் சவுக்குக் கட்டை வாங்கும். தராசில் எடை போடுகிறவரிடம், "ஈரக் கட்டையாப் போட்டு எடைய ஏத்தாத நைனா" என்று சண்டை போடும். அந்தச் சவுக்குக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கிறது. சவுக்கு நம்ம மரம் இல்லை. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா பக்கத்து மரம். ரயிலுக்கும் நகரத்துக்கும் விறகு போதவில்லை என்றுதான் 1860களில் கடற்கரை மணலில் தோப்பு தோப்பாக நட ஆரம்பித்தார்கள். ஆயா சண்டை போட்டு வாங்கின கட்டையை நட வைத்தது இந்த ரயில் என்று அதுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் எடையில்தான் கண்ணாக இருந்திருக்கும்.

திருவொற்றியூர் வந்தது. இங்கே இறங்கவில்லை, ஆனா சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. தியாகராஜர் கோயிலில் மகிழ மரம் ஒன்று உண்டு. சங்கிலியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்த இடம் மகிழடி என்பது கதை. சத்தியத்தை மீறினார், கண் போனது. மரத்தைச் சாட்சியாக வைத்த ஊர். அடுத்த ஸ்டேஷன் விம்கோ நகர். அது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். குச்சிக்கும் பெட்டிக்கும் மரம் அறுத்த தொழிற்சாலை. ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் மரத்துக்கு இப்படி ரெண்டு வாழ்க்கை.

இந்த இடத்தில் பைனாகுலர் கொண்டுவந்த ஒரு அக்கா மடக்கினார். "அப்போ கிளெக்ஹார்ன் நல்லவரா, கெட்டவரா? அதைச் சொல்லுங்க முதல்ல."

எனக்குப் பிடித்ததை முதலில் சொன்னேன். ரயில் காண்டிராக்டர்களும் மர வியாபாரிகளும் கண்மூடித்தனமாக வெட்டியதை அவர் மறைக்கவில்லை. தன்னுடைய அரசாங்கத்தின் ரயில்தான் காட்டைத் தின்கிறது என்பதை எண்ணிக்கையோடு எழுதினார். 1861-ல் வந்த அவருடைய புத்தகத்தைப் புரட்டினால் மாட்டு வண்டியிலும் குதிரையிலும் மலை மலையாகச் சுற்றின மனுஷன் தெரிவார். கண்ட இடத்தில் வெட்டக்கூடாது, அனுமதி வேண்டும், குறிப்பிட்ட மரங்களைத் தொடக்கூடாது என்று முதல் விதிகள் அவர் காலத்தில் வந்தன.

பிடிக்காததும் உண்டு. மலை மக்கள் ஒரு துண்டுக் காட்டை வெட்டி, எரித்து, அந்தச் சாம்பலில் விதைப்பார்கள். ரெண்டொரு வருஷத்தில் அதை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள், பழைய இடம் மறுபடி காடாகும். கன்னடப் பக்கம் இதுக்குக் குமரி என்று பெயர், மலபாரில் புனம். கிளெக்ஹார்னுக்கு இது பெரிய குற்றமாகப் பட்டது. அவர் வற்புறுத்தலில் 1860-ல் சென்னை அரசு, முன் அனுமதி இல்லாமல் குமரி செய்வதைத் தடுத்தது. ரயிலுக்கு வெட்டினவன் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தொடர்ந்து வெட்டலாம். கேழ்வரகுக்கு வெட்டினவன் குற்றவாளி. காடு மிச்சமானது உண்மை. ஆனா அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது.

இதை அன்றைக்கே எதிர்த்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குள்ளேயே இருந்தார்கள். சென்னை வருவாய் வாரியம், கிராமத்து மக்களுக்கு உரிமை இல்லாத காடு என்று இந்த மாகாணத்தில் எதுவுமே இல்லை என்று வாதாடியது. மற்ற மாகாணங்களில் 1878 சட்டம் வந்தபோது மெட்ராஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1882-ல் தனிச் சட்டம் வந்தது. அந்த 1882 சட்டம் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றைக்கும் அமலில் இருக்கிறது.

ரூஸ்வெல்டை ஆரம்பத்தில் சும்மா இழுக்கவில்லை. கிளெக்ஹார்னோடு 1860களில் சேர்ந்து வேலை பார்த்தவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், இந்திய வனத்துறையின் முதல் தலைவர். அந்த 1882 சட்டத்துக்காக மெட்ராஸ் வந்தவரும் அவர்தான். ஓய்வு பெற்று ஜெர்மனியில் இருந்தபோது, காட்டு மேலாண்மை கற்கணும் என்று ஒரு அமெரிக்க இளைஞர் அவரைத் தேடிப்போனார். பெயர் கிஃபோர்ட் பின்ஷோ. பின்னாளில் ரூஸ்வெல்டின் வலது கை, அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர். டகோட்டாவில் வேட்டைத் துப்பாக்கியோடு தொடங்குகிற கதைக்கு ஒரு வேர் இந்தப் பக்கமும் ஓடுகிறது. ராயபுரத்தில் இதுக்கு ஒரு பலகைகூடக் கிடையாது.

எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். காட்டுக்குப்பம். பெயரைக் கவனித்தீர்களா? இதுக்கு வடக்கே காட்டுப்பள்ளி. அதுக்கும் வடக்கே பழவேற்காடு. காலையில் கேள்வி கேட்ட தம்பியிடம், "காடு எங்கன்னு கேட்டியே, பேர்ப்பலகையைப் படி" என்றேன். சிரித்தான். ஆனா சுற்றிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் சாம்பல் படிந்த சேறு, நடுவில் கொசஸ்தலை ஆறு கடலுக்குப் போகிற கழிமுகம்.

அங்கே வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் படகில் எங்களை நாலு நடையாகக் கூட்டிப்போனார். கழிமுகத்துக்குள் கொஞ்ச தூரம் போனால் கண்டல் மரங்கள். அலையாத்தி என்றும் சொல்வார்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர் மேலே வந்து மூச்சு விடும். அதன் அடியில்தான் இறால் குஞ்சு வளரும். இருளர் மக்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வலை கிடையாது, சேறுதான் எல்லாம்.

சில மரங்களில் தண்டில் ஒரு அளவு வரைக்கும் கறுப்பு. "பெயிண்ட்டா அண்ணா?" என்று கேட்டது ஒரு பொண்ணு. "எண்ணெய்ம்மா" என்றார். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய் கழிமுகம் முழுக்கப் பரவியது. கடலோரக் காவல்படை சொன்ன கணக்கு சுமார் 20 சதுர கிலோமீட்டர். மீனவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் அள்ளினார்கள், வெறும் கையால். அந்த அண்ணனும் அள்ளினவர். "ஒரு வாரம் சோறு வாய்க்குப் போகல, கை பூரா நாத்தம்" என்றார். அதுக்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை, படகைத் தள்ளினார்.

இந்தக் கழிமுகத்துக்குப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1996-ல் ஒப்புதல் வாங்கின கடற்கரை வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கட்டடம் கட்டக்கூடாத பகுதி. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது இன்னொரு வரைபடம் கைக்கு வந்தது. அதில் கழிமுகத்தையே காணோம். ஆறு ஓடுகிற இடம் வெறும் நிலம். 2017-ல் இது பெரிய செய்தியானது. அதற்குள் சதுப்பில் பெரும் பகுதி துறைமுகத்துக்கும் மின் நிலையத்துக்கும் போயிருந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறந்தது, முதல் நோக்கமே நிலக்கரி இறக்குவது.

படகில் உட்கார்ந்தபடி யோசித்தப்போ ஒன்று பிடிபட்டது. அன்றைக்கு ஸ்ரீஹரிகோட்டா விறகு இந்தக் கழிமுகம் வழியாகத்தான் மெட்ராஸுக்குப் போனது. இன்றைக்கு நிலக்கரி இதன் வாசலில்தான் இறங்குகிறது. சென்னை எரிக்கிறது எல்லாம் இந்த வழியாகத்தான் போகிறது. சாம்பல் மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது.

கரைக்குத் திரும்பினப்போ வெயில் ஏறிவிட்டது. ஒரு அக்கா சீமைக் கருவேலம் விறகு வைத்து இறால் வேக வைத்துக்கொண்டிருந்தார். "ஏன்க்கா, கேஸ் இல்லையா?" "சிலிண்டர் இருக்குது. அது வீட்டுக்குள்ள. இவ்ளோ பேருக்கு எப்டி கட்டுப்படி ஆவும்?" என்றார். பைனாகுலர் அக்கா அவரிடம், "இந்தக் கண்டல் மரத்தை வெட்ட மாட்டீங்களா?" என்று கேட்டார். அவர் கரண்டியை வைத்துவிட்டு எங்களை ஒருமுறை பார்த்தார். "அத்த வெட்டுனா ராலு எங்கம்மா வரும்? எங்க மாமியா காலத்துலயே யாரும் கை வைக்க மாட்டாங்க. ஆபீஸருங்க வந்து எங்களாண்டதான் சொல்லிட்டுப் போறாங்க, மரத்த வெட்டாதீங்கன்னு."

22 பேருக்கும் தட்டு போதவில்லை. வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். 12 மணி வண்டியைத் தவறவிட்டோம், அடுத்தது வருகிற வரைக்கும் எண்ணூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கையிலிருந்த இறால் வாசனை போகாமல் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து லைனில் நிலக்கரி ஏற்றின கூட்ஸ் ஒன்று போனது. தம்பி பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டினதும் விட்டுவிட்டான்.